ரெண்டடி ஆழம்

"கடப்பாரையக் கீழ போடுங்க, சித்தப்பா!"

மகள் சமையலறை வாசலிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள். தூக்கத்திலேயே போய்விட்ட அப்பாவைக் கூடத்தில் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வருகிறவர்கள் உட்காரப் பின்தோட்டத்தில் கொட்டகை போடச் சொல்லியிருந்தார்கள். கல் பெஞ்சுக்குப் பக்கத்தில் முதல் கம்பத்துக்குக் குழி எடுக்கச் சித்தப்பா கையை ஓங்கியிருந்தார்.

"கீழ கேபிள் ஓடுது. தோட்டத்து லைட்டுக்கு அப்பா போட்டது."

"போட்டா என்ன? உங்கப்பன் ரெண்டடிக்கு மேலயா புதைச்சிருப்பான்? நான் ஒரு அடிதான் தோண்டப்போறேன்."

அதுவும் நியாயம்தான். தொழிலில் அப்பாவுக்குப் பெயரே 'ரெண்டடி'. யார் வீட்டுத் தோட்டத்தில் விளக்குப் போட்டாலும் கேபிள் குழாய்க்குள் போகவேண்டும், குழாய் இரண்டடி ஆழத்தில் இருக்கவேண்டும், அதற்கு மேலே மஞ்சள் எச்சரிக்கை நாடா. ஒரு விரற்கடை குறைந்தாலும் மண்ணை மூட விடமாட்டார். "நாளைக்கு எவனாவது செடி நட வருவான். அவன் பொண்டாட்டி புள்ளைக்கு நீயா பதில் சொல்லுவ?" என்று, அதே தொழிலுக்கு வந்த மகளின் மானத்தையே எத்தனை பேர் முன்னால் வாங்கியிருக்கிறார்! அவரிடம் திட்டு வாங்கித் தொழில் கற்ற வயர்மேன்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

இருந்தாலும் அவள் சித்தப்பாவை மற்ற கம்பங்களை எடுத்துவர அனுப்பிவிட்டு, உள்ளே போய்த் தோட்டத்துப் பிரேக்கரை இறக்கிவிட்டு வந்தாள். கேபிள் தொடங்கும் வீட்டுச் சுவரோரம் கொத்துக்கரண்டியால் தோண்டினாள். மஞ்சள் நாடா வந்தது. கை தோள் வரை போன பிறகுதான் குழாய் தட்டுப்பட்டது. அப்பாவேதான்.

நாலு எட்டு தள்ளித் தோண்டினாள். முழங்கை ஆழத்திலேயே குழாய். நாடாவைக் காணோம். இன்னும் நாலு எட்டில் மணிக்கட்டு அளவு. கல் பெஞ்சருகே கொத்துக்கரண்டியே தேவைப்படவில்லை. விரலால் மண்ணைத் தள்ளியதும் கேபிள், குழாய்கூட இல்லாமல், பல்லிளித்தது.

"அடப்பாவி அப்பா!"

முதலில் சிரிப்புதான் வந்தது. ஊரையே மிரட்டிவிட்டுச் சொந்த வீட்டில் இந்த லட்சணமா! அப்புறம் போன மாதத்துப் போன் ஞாபகம் வந்தது. "உங்கம்மா வெளிய உக்கார வெளிச்சம் கேக்கறா. குழி வெட்ட ஒரு நாள் வந்துட்டுப் போறியா?" "வேலை தலைக்கு மேல கிடக்குப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்." அவள் வரவில்லை. மூச்சு வாங்குகிறது என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தனியாக வெட்டியிருக்கிறார். சுவரோரம் இருந்த தெம்பு பெஞ்சு வரை வரவில்லை.

"என்னம்மா, எவ்வளவு ஆழம்?" வயர்மேன்களில் மூத்தவர் எட்டிப் பார்க்க வந்துகொண்டிருந்தார்.

அவள் இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடினாள்.

"ரெண்டடிண்ணே. அவரு எங்க மாறப்போறாரு?"

"அதானே!" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கம்பத்தை இங்கயே நட்டுடலாமா?"

"வேணாம்ணே. கீழ ஒரே கல்லு. வேலியோரமா நடுங்க."

ஒரு நாற்காலியை இழுத்துவந்து அந்த இடத்தின்மேல் போட்டு உட்கார்ந்தாள். வேலியோரம் எழும்பிய கொட்டகையின் நிழல் அவள்வரை எட்டவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது.

"ஏண்டி இப்படிக் காயுற? உள்ள வந்து உக்காரு," என்றாள் அத்தை.

"இருக்கட்டும் அத்தை. இங்கதான் காத்து வருது."

ஒரு இலைகூட அசையவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, மண் அப்பிய அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவள் யாருக்கும் எழுந்திருக்கவில்லை.