பின்படி வழியாக வந்த பிரபு

ஹோல்னெக் கோட்டையின் சாவிக்கொத்து ரோஸ்விதாவிடம்தான் இருந்தது. வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் மாலையில் பூட்டுவதும் அவள் வேலை. அந்த அக்டோபரில் வந்த மனிதரை முதல் நாளே அவளுக்குப் பிடிக்கவில்லை.

போதோ ஃபான் ஹோல்னெக் என்று பெயர் சொன்னார். பழைய பிரபுவின் தம்பி வழிப் பேரனாம், அர்ஜென்டினாவில் வளர்ந்தவராம், இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவையாம். நகரத் தலைவர் குனிந்து கைகுலுக்கினார்.

"மூக்கைப் பாத்தியா? கூடத்துப் படத்துல இருக்கற அதே மூக்கு," என்றாள் ரொட்டிக்கடை வால்ட்ராவுட்.

"மூக்கு கெடக்குடி. கையப் பாரு. மண்வெட்டி புடிச்ச கை."

"உனக்கு யாரைப் பாத்தாலும் திருடன்தான். உங்கப்பா விஷயத்துக்கப்புறம்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள் வால்ட்ராவுட்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மூன்றாம் வருடம் பிரபுவின் முத்திரை மோதிரம் காணாமல் போனது. காரியஸ்தராக இருந்த ரோஸ்விதாவின் அப்பாதான் எடுத்தார் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேலை மட்டும் போனது. மதுக்கடையில் அவர் மேசையில் சாகும்வரை வேறு யாரும் உட்காரவில்லை.

மூன்றாம் நாள் கோட்டையைச் சுற்றிக் காட்டும்போது, பெரிய கூடத்தில் எந்தக் கதவு எங்கே போகிறதென்று தெரியாமல் விழித்தார் அந்தப் பிரபு. ஆனால் சமையலறைக்கு இறங்கும் இருட்டுப் பின்படியில், உடைந்த படியைப் பார்க்காமலே தாண்டிக் கால் வைத்தார். ரோஸ்விதாவுக்குச் சுருக்கென்றது. முதல் தடவையாம்!

மறுநாள் மதியம், தனியாகக் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று சாவி கேட்டார். கொடுத்தாள். கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

ரொட்டி அடுப்பின் பக்கத்தில் மண்டியிட்டு, சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிரபுவே, பாட்டன் சொத்தா? போலீசுக்குச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்." அது பொய்.

அவர் முகம் வெளுத்துப் போனது. "எடுக்க வரலம்மா. வைக்க வந்தேன்."

விரித்த கைக்குட்டையில் முத்திரை மோதிரம்.

"என் பேரு போதோ பீட்ஷ். போருக்கப்புறம் கிழக்கேருந்து துரத்திவிட்ட அகதிங்க நாங்க. எங்கம்மா இங்க பாத்திரம் தேச்சாங்க. நான் இந்த அடுப்போரம்தான் படுத்துக் கெடந்தேன். பசியில எடுத்துட்டாங்க. விக்கறதுக்குப் பயம். சாகறப்ப, திருப்பி வெச்சிடுடான்னாங்க."

"அதுக்கு எதுக்கு இந்த வேஷம்?"

"பாத்திரம் தேச்சவ மகனுக்குச் சாவியக் குடுத்திருப்பீங்களா?"

ரோஸ்விதா குனிந்து மோதிரத்தைப் பார்த்தாள். நாற்பது வருடமாக அப்பாவின் பெயரில் கிடந்த பழி.

"சுவத்துக்குள்ள வெச்சிட்டுப் போயிடறேன். யாராவது என்னைக்காவது கண்டுபுடிக்கட்டும்," என்றார் அவர்.

"கண்டுபுடிச்சா, காரியஸ்தர் ஒளிச்சு வெச்சதுன்னு சொல்வாங்க. அவர் எங்கப்பா. எந்திரிங்க. வந்து வாயால சொல்லுங்க."

அவர் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டு அவளோடு நடந்தார். அன்று மாலையே மதுக்கடையில், ஊர் கூடியிருக்கையில், எல்லாவற்றையும் சொல்லி, மோதிரத்தை நகரத் தலைவரிடம் கொடுத்தார். மறுநாள் காலை ரயிலில் போய்விட்டார்.

ரோஸ்விதா பல வருடங்களுக்குப் பிறகு அன்று இரவுதான் விடியும்வரை அசையாமல் தூங்கினாள்.

அடுத்த வாரம் ரொட்டி வாங்கப் போனபோது, வால்ட்ராவுட் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லு. உங்கப்பா பேரைக் காப்பாத்த அந்த ஆளை எங்கேருந்துடி புடிச்சே?"