வளைவுப் பாறைக்கு வைத்த தூண்

கல்லைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று சேந்தமங்கலம் சந்தையில் வாய் வலிக்கப் பேசித் திரிந்தவன் நான். இந்தச் சின்னமுத்து தூண் நிறுத்தினால் அது நின்றதுதான் என்பேன். அந்தத் திமிரோடுதான் பிரமாதி வருஷம் தை மாதம் கொல்லிமலை ஏறினேன்.

கூப்பிட்டவர் வாழவந்தி நாட்டில் ஒரு சிற்றூரின் தலைவர், நல்லமுத்து. அந்த ஊரிலிருந்து சோளக்காட்டுச் சந்தைக்குப் போக ஒரே வழி, ஓடையோரத்து வளைவுப் பாறைக்கு அடியில்தான். இரண்டு பக்கமும் கால் ஊன்றி, நடுவில் முப்பதடி வெட்டவெளி விட்டு நிற்கிற பாறை அது. யாரும் கட்டியதில்லை. ஐப்பசி மழையில் அதன் அடிவயிற்றிலிருந்து கன்றுக்குட்டி அளவு பாளம் ஒன்று பெயர்ந்து, மிளகு மூட்டையோடு போன நல்லமுத்துவின் தம்பி காலை நசுக்கிவிட்டது. அதற்கப்புறம் அந்த வழியில் போக ஆளில்லை.

"முட்டுக் குடுத்துருங்க. இல்லீன்னா ஊரையே காலி பண்ணோணுமுங்க," என்றார் நல்லமுத்து.

நான் கோயில் மண்டபம் கட்டிப் பழகினவன். மண்டபத்தில் உத்தரக்கல் நீளமாக இருந்தால் நடுவில் ஒரு தூண் வைப்போம். இங்கேயும் அதையே செய்தேன். கல்லில் ஒரு தூண் செதுக்கி, வளைவின் நடுவுக்கு நேர் கீழே நிறுத்தி, அதன் தலையில் மூன்று இரும்பு ஆப்புகளைச் சம்மட்டியால் இறுக்கினேன். நல்லமுத்துவின் மனைவி இருசாயி பார்த்துக்கொண்டே நின்றவர், "இத்தன நாளா அது எதும்மேல நின்னுச்சுங்க?" என்று கேட்டார். கல்வேலை பெண்களுக்குப் புரியாது என்று சிரித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் வளைவின் முதுகில் ஏறிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தூணுக்கு நேர் மேலே குறுக்காக ஒரு வெடிப்பு. மடியிலிருந்த வெற்றிலையை நுழைத்தேன், காம்பு வரைக்கும் உள்ளே போயிற்று.

அன்று முழுக்கப் பாறையைத் தட்டித் தட்டிக் கேட்டேன். ஓடையின் ஈரம் ஏறி அடிவயிற்றுக் கல் உக்கி, மழைக்கு மழை பாளம் பாளமாக உரிந்திருக்கிறது. பாரம் தாங்காமல் சும்மா தொங்கிய கல்தான் விழுந்திருக்கிறது. மிச்சமிருப்பதெல்லாம் மேலிருக்கும் பாரத்தை வாங்கி, பக்கத்துக் கல்லுக்குக் கொடுத்து, இரண்டு காலுக்கும் இறக்கிவிடுகிற கல். அந்தப் பாரமே அதை இறுக்கிப் பிடித்து, உக்கி உதிராமல் காத்திருக்கிறது. உளி இல்லை, நூல் பிடித்துப் பார்க்க ஆள் இல்லை. எத்தனை ஆயிரம் மழை சேர்ந்து செய்த வேலை என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் செய்த காரியம் வேறு. ஒழுங்காகச் சுமந்துகொண்டிருந்ததை நடுவில் முட்டித் தூக்கி, அதன் பிடியை அவிழ்த்திருந்தேன்.

தட்டும்போது பொத்தென்று சத்தம் கொடுத்த, பாரம் தாங்காமல் தொங்கிய இரண்டு பாளங்களைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினேன். பிறகு நல்லமுத்துவிடமும் இருசாயியிடமும் ஒளிக்காமல் சொன்னேன். "தப்பு என்னுதுங்க. மேல பாரம் இருந்தாத்தான் அது நிக்குமுங்க. நான் தூணுல அதை வாங்கிப்போட்டேன். ஆப்பை உருவறேன். பாறை மறுபடி சுமந்தாச் சுமக்கட்டும், இல்லீன்னா எந்தலையோட போகட்டும். ஆரும் கிட்ட வராதீங்க."

அவர் ஊரையே மேட்டுக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

முதல் ஆப்பு சுலபமாக வந்தது. இரண்டாவது நாலு அடிக்கு அசைந்தது. மூன்றாவது தெறித்து விழுந்தபோது பாறை ஒரு தரம் முனகியது. கழுத்தில் மணல் கொட்டியது. ஓடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் தூணின் தலைக்கும் பாறைக்கும் நடுவில் நூலளவு வெளிச்சம் தெரிந்தது. பாறை தானாகவே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வெடிப்பு மூடிக்கிச்சுங்க," என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தேன். வளைவின் நடு முதுகில் இருசாயி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க அம்மிணி, அங்க எதுக்குங்க ஏறுனீங்க? உழுந்திருந்தா என்னாகறது?"

"மேல பாரம் இருந்தாத்தான் நிக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்றார். "எங்கிட்ட இருந்தது இவ்வளவுதானுங்க."