ரைட்டர் பேர்த்த நிலைக்கதவு

வீட்டை விற்றுவிட்டுப் போகிறவன் எதையெல்லாம் கழற்றிக்கொண்டு போவான் என்று கிருஷ்ணம்மாளுக்கு ஓர் அனுமானம் இருந்தது. பல்பைக் கழற்றுவான். சாமி படம் மாட்டிய ஆணியைப் பிடுங்குவான். பேராசை பிடித்தவனாக இருந்தால் கொடிக்கம்பியையும் சுருட்டிக்கொள்வான். நல்லமுத்து ரைட்டர் வாசலையே கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை அது. அவள் புருஷன் மூக்கனுக்கு வயதாகிவிட்டதால், காப்பி எஸ்டேட்டில் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். அன்றைக்குப் பால் காய்ச்சாவிட்டால் சட்டிபானையோடு தெருவில்தான் நிற்க வேண்டும். இதெல்லாம் நல்லமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். அதே எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து தினமும் மூக்கனுக்கு வருகைப் பேர் போட்டவர்தான் அவர். தெரிந்துதான் ஒரு முறை அஷ்டமி என்றார், இன்னொரு முறை சம்சாரத்துக்குச் சுகமில்லை என்றார், விற்ற வீட்டின் சாவியைத் தராமல் கடைசி நாள் வரை இழுத்தடித்தார்.

டிராக்டரில் சாமான்களோடு கொட்டச்சேட்டில் அவரிடம் வாங்கிய வீட்டுக்கு வந்து இறங்கியபோது, கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் சுவரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். நிலை பாதி பெயர்ந்து சாய்ந்திருந்தது. அதில் பூசிய மஞ்சள்கூட இன்னும் காயவில்லை.

"ஏனுங்க, இதென்னங்க அநியாயம்?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"அநியாயமென்னம்மா. இந்த நெலை எம் மாமனார் செஞ்சு குடுத்தது. ராசம்மா இத்தனை வருசமா பொட்டு வச்சுக் கும்புட்டது. நான் ஊட்டத்தான வித்தேன், சாமியவா வித்தேன்?"

"நெலையில்லாம ஊடு ஏதுங்க?"

"செவுரு நாலும் நிக்குதில்ல."

மூக்கன் பழக்க தோஷத்தில், "சரிங்கய்யா," என்றான். கிருஷ்ணம்மாளுக்கு அவன் மீதும் எரிச்சல் வந்தது. நிலையை ஏற்றிப்போக வந்து நின்ற வேனின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ரைட்டர் சம்சாரம் ராசம்மாள் மட்டும் முகத்தைத் திருப்பவே இல்லை.

எடுத்துக்கொண்டு போனதைவிட விட்டுவிட்டுப் போனதுதான் கேவலம். கொல்லைப்புறக் கக்கூஸில் ஒரு காலத்தில் இருந்த கதவையும் காணோம். உள்ளே தளும்பத் தளும்ப நின்றது. அதன் மேல் அறுந்த செருப்பு, உடைந்த பாட்டில், அழுகிப்போன கமலாப்பழம். படித்தவர், வெள்ளைச் சட்டை போடுகிறவர், இந்தக் கருமாந்திரத்தை அடுத்தவள் தலையில் கட்டிவிட்டுப் போக எப்படி மனசு வந்ததோ. கிருஷ்ணம்மாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, காறிக் காறித் துப்பியபடியே அள்ளினாள். பினாயில் ஊற்றிக் கழுவினாள். பிறகு தலைக்கு ஊற்றிக்கொண்டு, படி இருந்த இடத்தில் கிடந்த செங்கல் குப்பையின் மேல் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய்ப் பால் காய்ச்சினாள். பால் பொங்கியது. அவளுக்குப் பினாயில் வாசனைதான் வந்தது.

வாசலில் காப்பிச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டார்கள். ஆடிக்காற்றில் சாக்கு இரவெல்லாம் படபடவென்று அடித்தது. பனிமூட்டம் அழைக்காத விருந்தாளியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. ஒரு நாள் நாய் வந்து சோற்றுப்பானையை உருட்டிவிட்டுப் போனது. ஒவ்வொரு முறையும் அவள் நல்லமுத்துவின் ஏழு தலைமுறையை இழுத்தாள்.

ஆடி பிறந்து சில நாளில் நல்லமுத்துவின் வேன் திரும்ப வந்தது. பின்னால் அதே நிலை, அதே கதவு.

"அடிவாரத்துல வாடகை ஊடும்மா. செவுத்துல கை வைக்கக் கூடாதுங்கறான் ஓனரு. வெளிய மழையில கெடக்குது. படுக்கப்போட்ட நெலையப் பாத்து ராசம்மாவுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. இங்கயே எங்கயாச்சும் நிறுத்தி வச்சாப் போதும். நான் சொந்தமா ஊடு கட்டறப்போ வந்து எடுத்துக்கறேன். வெள்ளிக்கெழமையானா அவ வந்து பொட்டு வச்சுக் கும்புட்டுட்டுப் போவா."

மூக்கன் முகம் மலர்ந்தது. "சும்மா வருது புள்ள, வச்சுக்கலாம்."

"நீங்க சித்த பேசாம இருங்க."

தன் வாசலில் இந்த மனுசனுடைய சாமிக்கு அவள் வாட்ச்மேன் வேலை பார்க்க வேண்டுமாம். அவருக்குத் தோன்றுகிற நாளில் கடப்பாரையோடு வந்து மறுபடியும் பேர்ப்பாராம். வெட்கம் என்பதை இந்த ஆள் எந்தக் கடையில் விற்றுத் தின்றார்?

"எங்கயாச்சும் நிறுத்தினாப் போதுங்களா?" என்று கேட்டாள்.

"போதும்மா."

"அப்ப எறக்குங்க."

மறுநாள் கொத்தனார் ஐயாக்கண்ணுவைக் கூட்டி வந்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பாவமுங்க. அதுவுமில்லாம ஆடி மாசம் நெலை வைக்கக் கூடாது."

"ஊட்டுக்குத்தான் வைக்கக் கூடாது. கக்கூஸுக்கு நாள் பாக்க வேண்டியதில்லீங்க."

கக்கூஸ் சுவரை இரண்டு பக்கமும் உடைத்துத்தான் நிலையைச் சொருக வேண்டியிருந்தது. தாமரைப்பூச் செதுக்கிய பலாமரக் கதவு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே கம்பீரமாக நின்றது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு கிருஷ்ணம்மாள் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். தன் வீட்டு வாசலில் சாக்கு ஆடினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ராசம்மாள் தனியாக வந்தாள். ஈரத்தலை, கையில் ஒரு வயர்கூடை. சாக்குத் தொங்கிய வாசலைப் பார்த்து நின்றாள்.

"நெலை எங்கீங்க?"

கிருஷ்ணம்மாள் இந்த நிமிஷத்துக்காக நாலு நாளாக வசனம் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் கொல்லைப்பக்கம் கையை மட்டும் காட்டினாள். பின்னாலேயே போனாள். இந்தப் பொம்பளை அலறுவதைக் கேட்டே தீர வேண்டும்.

ராசம்மாள் அலறவில்லை. வயர்கூடையைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் சொருகினாள்.

"கொஞ்சம் தண்ணி குடுக்கறீங்களா?"

கிருஷ்ணம்மாள் சொம்பில் கொண்டு வந்து கொடுத்தாள். ராசம்மாள் படியைக் கழுவினாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தினாள். பிறகு குனிந்து, கக்கூஸ் போகிற கால் மிதிக்கும் அந்தப் படியில் நெற்றியை வைத்துக் கும்பிட்டாள்.

"எங்கப்பா சாகறதுக்கு முந்தி அவரு கையால எழச்சதுங்க," என்றாள் எழுந்து. "பேர்க்க வேண்டாம், அவங்களுக்கு ஊட்டோட உட்டுருங்கன்னு காலப் புடிச்சு அழுதேன். அவரு கேக்கல."

கிருஷ்ணம்மாள் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த வெள்ளிக்கும் வரலாமுங்களா?"

கிருஷ்ணம்மாளின் தலை தானாக ஆடியது. ராசம்மாள் அவள் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணம்மாளுக்கு வயிற்றைக் கலக்கியது. சொம்போடு கொல்லைக்கு ஓடினாள். மஞ்சள் ஈரமாக இருந்தது, கற்பூரம் கருகிய இடம் படியில் தெரிந்தது. காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

'சீ' என்று சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று கேட்க அங்கே ஆளில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு, தூறலில் நனைந்தபடி காப்பிச் செடிகளுக்குள் போனாள்.