முதுகுப் பக்கக் கொக்கி

மாமாவின் உடம்பிலிருந்து பட்டையைக் கழற்றப் போனபோதுதான் கொக்கி முதுகுப் பக்கம் இருப்பதைப் படக்காரி பார்த்தாள்.

படக்காரி என்பது மாமா வைத்த பேர். மாமா அவளுடைய அக்கா வீட்டுக்காரர். மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பவர். தண்ணீருக்கடியில் நுரையீரல் என்ன பாடுபடுகிறது என்று படம் எடுப்பது இவள் பிழைப்பு. மின்முனைகள் பதித்த ரப்பர் பட்டையை நெஞ்சைச் சுற்றிக் கட்டினால், காற்றுள்ள இடம் நீலமாகவும் இல்லாத இடம் கருப்பாகவும் திரையில் தெரியும். மூன்று மாதமாக அவள் கைகளுக்குக் கடல்நாய்களோடுதான் சகவாசம். அவை குப்புறக் கிடப்பதால் கொக்கியை முதுகில் மாட்ட வேண்டும். மனிதர்களுக்கு நெஞ்சில். இது தெரியாதவள் இல்லை, கை கேட்டால்தானே?

திரையில் மாமாவின் படம் நின்றிருந்தது. மூழ்கிச் சோதிப்பதற்கென்று வெட்டிய ஆழக் குளத்தின் அடியில், இருபது மீட்டரில் எடுத்தது. வலது நுரையீரலில் முதுகை ஒட்டி உள்ளங்கையளவு கருப்பு. கடல்நாய்க்கு இது சர்வசாதாரணம். ஆழத்தில் நுரையீரலை மூடிக்கொள்ளும், மேலே வந்ததும் திறந்துகொள்ளும். போன வருடம் மூழ்கி எழுந்து ரத்தம் துப்பிய மாமாவுக்கு இது ஆகாது. ஆனால் படத்தைத் திருப்பிப் போட்டால் அதே கருப்பு இடது முன்பக்கம் வந்து உட்காருகிறது. அங்கே இருப்பது இதயம். நுரையீரல் சுருங்கும்போது இதயத்தின் நிழல் கொஞ்சம் பெருத்துத் தெரியும், அதில் பயப்பட ஒன்றுமில்லை.

திருப்ப வேண்டுமா கூடாதா? கொக்கி முதுகில் என்று எடுத்துக்கொள்ளும் கடல்நாய்க் கணக்கில் கணினி இருந்திருந்தால் படம் சரி, மாமாதான் சரியில்லை. மனிதக் கணக்குக்கு மாற்றியிருந்தால் படம் தலைகீழ், மாமா கல்லுக்குண்டு. மாற்றினாளா? காலையில் கணினி முன்னால் உட்கார்ந்தது நினைவிருக்கிறது, தேநீர் ஆறிப்போனது நினைவிருக்கிறது, அது மட்டும் இல்லை. இயந்திரமும் அதைக் குறித்து வைப்பதில்லை.

இன்னொரு தடவை இறக்கலாம் என்றால், ரத்தம் துப்பியவரை ஒரே நாளில் இரண்டு முறை ஆழத்துக்கு விடக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சிப்பி எடுக்கும் படகு நாளைக் காலை கிளம்புகிறது. அவள் கையெழுத்து இல்லாமல் மாமா ஏற முடியாது. இந்தப் பருவமும் போனால் அவரை அப்புறம் யாரும் கூப்பிடப் போவதில்லை.

இதற்கிடையே அக்கா வேறு மதியம் போன் பண்ணிச் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். "அவரு போக வேணாம்டி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

இப்போது மறுத்தால் அக்காளும் தங்கையும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் மாமா நினைப்பார். ஒரு நிமிடம் படக்காரிக்கே சந்தேகம் வந்தது. அந்தக் கருப்பு வலது பக்கம்தான் என்று சொல்வது கண்ணா, அக்காவா? அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

மாமா துண்டைப் போர்த்திக்கொண்டு, காகிதத்துக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார். அவள் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"கொக்கி முதுகுல குத்துச்சு. சொல்லலாம்னுதான் பாத்தேன். படிச்ச புள்ள, ஏதோ புதுசா பண்றேன்னு விட்டுட்டேன்."

"கீழ போனப்ப எந்தப் பக்கமாவது அடைச்ச மாதிரி இருந்துச்சா மாமா?"

அவர் சுவரில் தொங்கிய பட்டைகளைப் பார்த்தார்.

அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். இத்தனை வருடப் படிப்பில் யாரும் சொல்லித் தராத வேலையைச் செய்தாள். ஒரு கையை அவர் முதுகின் வலது பக்கத்தில் வைத்தாள், மறு கையை இடது நெஞ்சில். ஈரத் தோல் சில்லென்றிருந்தது.

"மூச்சு விடுங்க மாமா."

அவர் ஆழமாக ஒரு மூச்சை இழுத்தார். பிறகு, அவளைப் பார்த்துச் சிரித்தபடியே, அதை உள்ளே அடக்கிக்கொண்டார். நாலு நிமிடம் அடக்குகிற ஆள். இரண்டு உள்ளங்கைகளுக்கடியிலும் மூச்சு அசையவில்லை.