அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்

"மறுபடியும் நின்னுடுச்சுடா" என்று அக்கா போனில் சொன்னபோது, யாரோ ஒருவரின் பிரிண்டரைக் குடல் உருவி மேசைமேல் பரப்பி வைத்திருந்தேன். கையெல்லாம் மை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "கொஞ்ச நேரம் நின்னா அதுவே உக்காந்துக்கும், விடு" என்றேன். வழக்கமாக இந்த மாதிரி அறுவைக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவள். அன்று சிரிக்கவில்லை. "நீ வர்றியா, இல்ல வேற ஆளைப் பாக்கவா?" என்று கேட்டாள். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் ஒரு அக்கா கேட்கக்கூடிய கேள்வியா இது? சுருக்கென்றது.

அக்காவுக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் சோறு போடுகிறது. நோயாளியைப் பார்த்த கையோடு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, சொல் பிசகாமல் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். தையல் மெஷின் மாதிரிதான். விவாகரத்து வழக்கில் பெண்குழந்தை தாயோடு இருக்கட்டும் என்று நீதிபதி சொன்னதற்கு இந்த வேலையே முக்கியக் காரணம். அம்மா வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறாள், குழந்தை எந்நேரமும் அவள் கண்ணெதிரில் இருக்கும். நான் வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆள், தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வராந்தாவில் என் பக்கம் திரும்பி, "பாக்கலாம், எத்தனை நாளைக்குன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்ணைப் பார்க்க வருகிறார். பெண்ணைப் பார்க்கிறாரோ இல்லையோ, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். குழந்தையின் முழங்காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தால்கூட, "இது எப்படிடா கண்ணு ஆச்சு?" என்று கொஞ்சியபடியே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட ஆள்.

இந்த நேரத்தில்தான் அக்கா வேலை செய்யும் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. டாக்டர் சொன்னதில் நடுநடுவே வரிகள் காணவில்லை என்றார்கள். மாத்திரையின் அளவு ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் அடுத்து என்ன போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. முதலில் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து ஊதினேன். ஒரு பூனைக்குட்டி அளவுக்குத் தூசி வந்தது. இதுதான் விஷயம் என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமே மறுபடி போன். ரேம் மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். பவர் சப்ளையை மாற்றினேன். ஃபார்மேட் அடித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். அவள் தட்டச்சு செய்ததில் ஒரே எழுத்து வரி வரியாகப் போயிருந்ததைக் காட்டினாள். விசை ஒட்டிக்கொள்கிறது என்று கீபோர்டையே மாற்றினேன். புதுக் கீபோர்டிலும் அதேதான், எழுத்து மட்டும் வேறு. கடைசியில் பொட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து இரவும் பகலும் ஓடவிட்டேன். குத்துக்கல் மாதிரி அசையாமல் ஓடியது. ஒரு முறைகூட நிற்கவில்லை. திருப்பிக் கொண்டுபோய் மாட்டிய மறுநாள் நின்றுவிட்டது என்றாள்.

"எப்படி நிக்குது? அதையாவது ஒழுங்கா சொல்லு" என்றேன்.

"நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல கொஞ்சத்தை முழுங்கிட்டு எங்கயோ போய் நிக்கும். டாக்டர் நெஞ்சு வலின்னு ஆரம்பிப்பாரு, கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிட்டேன்கிறாரு."

"அடுத்த தடவை போன்ல வீடியோ எடு."

"எடுக்கணும்னு நெனைக்கிறப்போ சரியாயிடுதுடா."

அக்கா மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். தலையைத் தூக்காமலே, "மாமா, கம்ப்யூட்டர் நிக்கறப்போ அம்மாவும் அப்படியே பாத்துக்கிட்டே இருப்பாங்க. கூப்பிட்டாகூட திரும்ப மாட்டாங்க" என்றாள். நான் சிரித்தேன். கம்ப்யூட்டர் நின்றால் உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நானே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். எங்கள் தொழிலில் ஒரு கிண்டல் உண்டு. பாதிக் கோளாறு மெஷினில் இருக்காது, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் இருக்கும் என்பார்கள். அதையும் அக்காவிடம் அன்றைக்குச் சொன்னேன். முதுகில் ஒரு அடி வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவோடு போனேன். இன்றைக்கு அதுவா நானா என்று பார்த்துவிட வேண்டும். திரையின் மூலையில் ஒரு பெரிய கடிகாரத்தைத் திறந்து வைத்தேன். விநாடி முள் உள்ள கடிகாரம். மெஷின் நின்றால் முள்ளும் நிற்கும், அது ஏமாற்ற முடியாது. அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு, திரையும் அவள் கைகளும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி கடகடத்தது. அவள் காதில் மாட்டியிருந்ததிலிருந்து டாக்டரின் குரல் மெல்லக் கசிந்தது. அவள் விரல்கள் போகிற வேகத்தைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இந்த விரல்களை நம்பித்தானே ஒரு குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். போன் பிடித்த கை மரத்துப்போய், வெறுத்துப்போய், எழுந்துவிடலாமா என்று யோசித்தபோது அது வந்தது.

திரையில் ஒரே எழுத்து ஓட ஆரம்பித்தது. ஒரு வரி, இரண்டாவது வரி. மாட்டினியா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மூலையில் கடிகாரத்தைப் பார்த்தேன்.

முள் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டரின் குரலும் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் எல்லாமே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் விரல் ஒரு விசைமேல் அழுந்தியபடி இருந்தது. கால் பெடலை மிதித்தபடியே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது, திரையைப் பார்த்தபடிதான் இருந்தது. ஆனால் அதில் அவள் இல்லை. உதடு மட்டும் எதையோ மெல்வதுபோல லேசாக அசைந்தது. "அக்கா" என்றேன். தோளைத் தொட்டு இன்னொரு முறை "அக்கா" என்றேன். முள் பாதி வட்டம் போயிருந்தது. எத்தனையோ மெஷின்கள் என் கண்ணெதிரே செத்துப்போயிருக்கின்றன, எதையும் நான் இப்படிக் கூப்பிட்டதில்லை.

பிறகு அவள் ஒரு தடவை எச்சில் விழுங்கினாள். கண்ணைச் சிமிட்டினாள். பெடலிலிருந்து காலை எடுத்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"பாத்தியா! பாத்தியாடா! நான் சொன்னப்போ நம்பினியா? என்னமோ என் மேலதான் தப்புன்னு கிண்டல் பண்ணே! வீடியோ எடுத்தியா? குடு, கம்பெனிக்கு அனுப்பணும். அவங்களும் பாக்கட்டும்."

"அப்புறம் பாக்கலாம்க்கா."

"என்ன அப்புறம்? இப்பவே குடு."

நான் போனைக் கொடுக்கவில்லை. அவள்தான் பிடுங்கினாள். சின்ன வயதில் என் கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்குவாளே, அதே பிடுங்கல். முதல் முறை சிரித்துக்கொண்டே பார்த்தாள். எழுத்துகள் ஓடும் இடம் வந்ததும் "இதோ, இதோ" என்றாள். சிரிப்பு அப்படியே நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்த முறை போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். போனுக்குள்ளிருந்து என் குரல் இரண்டு முறை அக்கா, அக்கா என்றது.

"முள்ளு ஓடுதேடா" என்றாள்.

போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"நீ கூப்பிட்டியா?"

"ம்."

"எனக்குக் கேக்கவே இல்லையே."

தைரியமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்ல டாக்டரா பாத்துக் காட்டுவோம்க்கா. என்னன்னு தெரியாம எதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"என்னன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "வலிப்புன்னா கீழ விழுந்து கைகால் இழுக்கும்னுதானே எல்லாரும் நெனைக்கிறாங்க? இப்படியும் ஒண்ணு உண்டு. எத்தனை பேருக்கு டைப் பண்ணியிருக்கேன். மாத்திரை பேரு தெரியும், அளவு தெரியும். கடைசியில என்ன எழுதுவாங்கன்னும் தெரியும். வண்டி ஓட்டக் கூடாதுன்னு ஒரு வரி. சின்னக் குழந்தையோட தனியா இருக்கக் கூடாதுன்னு அதுக்குக் கீழ ஒரு வரி." குரல் கொஞ்சமும் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனை என் மடியில் வைத்தாள். "அழிச்சிடு" என்றாள்.

"அழிச்சா போயிடுமாக்கா?"

"போகாது. ஆனா அந்த ஆள் கையில கிடைக்காது. அழிச்சிடுடா."

தினமும் காலையில் வாலுவை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் பள்ளிக்கூடம் போகிறாளே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாரியும் பஸ்ஸும் போகிற ரோடு. எத்தனை முறை அங்கே நின்றிருப்பாள்? அவளுக்குத் தெரியாமலே எத்தனை முறை தப்பித்திருப்பார்கள்? நான் அழிக்கவும் இல்லை, அழிக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

உள்ளறையிலிருந்து வாலு வந்தாள். கழுத்தில் துண்டு, முதுகில் நீச்சல் வகுப்புப் பை, தலையில் அவளுக்கென்று வாங்கிய சின்ன ஹெல்மெட். தலை பெரிதாகி, உடம்பு குச்சியாகத் தெரிந்தது. "அம்மா, நேரமாச்சு. அப்பா நீச்சல் குளத்துல வந்து வெயிட் பண்ணுவாங்க" என்றாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்று எழுந்தேன்.

"உக்காருடா. என்னைக் காணோம்னா ஏன் வரலன்னு கேப்பாரு. உடம்பு சரியில்லையான்னு இவகிட்டயே கேப்பாரு. இவ எல்லாத்தையும் சொல்லுவா." புடவையை உதறி நேராக்கிக்கொண்டாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியைத் தள்ளினாள். திரும்பி, மேசைக்கு அந்தப் பக்கம் சுவரில் வண்டிச் சாவி மாட்டியிருக்கும் ஆணியை நோக்கிப் போனாள்.

கையை நீட்டினாள். சாவிக்கு அரைச் சாண் இருக்கும்போது கை நின்றது.

எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. யோசிக்கிறாளா, வேண்டாம் என்று மனம் மாறி நிற்கிறாளா, இல்லை... முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மேசையைச் சுற்றிப் போக வேண்டும். நான் போகவில்லை. வாசலில் வாலு ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளுவதும் கீழே இறக்குவதுமாக விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரில் முள் ஓடிக்கொண்டிருந்தது.