முந்நூறாவது இதழில் யார் சாகிறார்?

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால். வானம் மூடியிருந்தது. மழை என்று சொல்ல முடியாத ஓர் ஈரம் கண்ணாடிக் கதவில் படிந்திருந்தது. காமிக்ஸ் கடையின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, விற்பனைப் பட்டியலிலிருந்த ஒரு கறுப்புச் சதுரத்தை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அண்ணி என்று அழைக்கும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு: கணவரின் தங்கைக்கு. ஆனால் அந்த நாத்தனார் நாள்தோறும் கடைக்கு வந்துபோனதில், வாடிக்கையாளர் அனைவருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். ஐம்பதைக் கடந்த பல் மருத்துவர் ஒருவரும் இதில் அடக்கம்.

கறுப்புச் சதுரம் என்பது முகில்வீரன் என்ற சூப்பர் ஹீரோவின் முந்நூறாவது இதழ். பதிப்பகம் அட்டையையும் மறைத்திருந்தது, கதையையும் மறைத்திருந்தது. சதுரத்தின் கீழே ஒரே ஒரு வரி: ‘இதற்குப் பிறகு எதுவும் பழையபடி இருக்காது.’ முகில்வீரன் வாழ்வில் இந்த வரி பலமுறை அச்சாகியிருந்தது. எல்லாம் பழையபடியேதான் இருந்தது.

எத்தனை பிரதி வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். இத்தொழிலில் வாங்கிய இதழைத் திருப்பிக் கொடுக்க இயலாது. சென்ற ஆண்டு வந்த ஒரு சிறப்பிதழின் விற்காத கட்டுகள் இன்னும் பின்னறையில் கிடந்தன. அலமாரியின் மேல்தட்டை எட்டுவதற்கு அண்ணி அவற்றின் மேல்தான் ஏறி நின்றார். இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் கடை இருக்காது. கட்டட உரிமையாளர் அந்த இடத்தை ஒரு கைப்பேசிக் கடைக்குத் தருவதாக ஏற்கெனவே வாய் விட்டிருந்தார். குறைவாக வாங்கினாலும் ஆபத்துதான்: வாசகர்கள் எதிர்த்தெருக் கடைக்குப் போவார்கள், போனவர்கள் திரும்புவதில்லை.

இந்த நிலையில்தான் காமிக்ஸ் செய்தித் தளம் ஒன்றில், முந்நூறாவது இதழில் முகில்வீரன் சாகிறான் என்று செய்தி வந்தது. ஆதாரம், ‘நம்பத்தகுந்த வட்டாரம்’. எழுதியவர் நாத்தனார்.

பத்தரை மணிக்குப் புதியவர் ஒருவர் வந்தார்.

“என் பொண்ணுக்குங்க. முகில்வீரனோ என்னமோ சொன்னா. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. அந்த முந்நூறாவது புக் பத்து காப்பி எடுத்து வைங்க.”

“ஒரு பொண்ணுக்குப் பத்தா?”

“ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கல்ல.”

பேசிக்கொண்டே அவர் மேசையிலிருந்த முந்தைய இதழை எடுத்தார். அட்டையைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் திருப்பி, பார்கோடுக்கு அருகிலுள்ள பொடி எண்களைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வைத்தார். அண்ணியின் பேனா நின்றது. வாசகர் அட்டையைப் பார்ப்பார். சேகரிப்பவர் மூலைகள் மடங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார். எந்த அட்டை, எத்தனையாவது அச்சு என்று சொல்லும் அந்தப் பொடி எண்களைத் தேடுபவர், நாள் முழுதும் பெட்டி பிரித்துச் சரக்கைச் சரிபார்க்கிறவர் மட்டுமே.

அண்ணி பத்து என்று எழுதிக்கொண்டு, கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார். மாலைக்குள் அதே இதழைக் கேட்டு, அதே போல் ஒன்றும் தெரியாத இன்னும் இருவர் வந்தனர்.

மறுநாள் விநியோக நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்தார்; கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் ‘ரெப்’. நன்றாக மழித்த முகம், அதைவிட நன்றாகத் தேய்த்த சட்டை.

“அக்கா, இந்தத் தடவை கையைக் கட்டிக்கிட்டு உக்காராதீங்க. வழக்கமா வாங்கறதுல நாலு மடங்கு போடுங்க. வேற படம் போட்ட மாற்று அட்டைப் பிரதி ஒண்ணு இலவசமாத் தரேன். புது ஆளுங்க வேற வர ஆரம்பிச்சிருப்பாங்களே?”

“யார் சொன்னது?”

“எல்லாக் கடையிலயும் வராங்கக்கா. பொதுவாச் சொன்னேன்.”

பொதுவாகச் சொன்னவர் அண்ணியின் கையிலிருந்த பட்டியலைத் தலைகீழாகவே படிக்க முயன்றுகொண்டிருந்தார். அண்ணி அதைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, அதுவரை யோசித்தே இராத ஒன்றைச் சொன்னார்.

“தம்பி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எங்க வாசகர் ஒருத்தர் அச்சகத்துல இருக்கார். சாகறது முகில்வீரன் இல்லையாம். அவங்க அம்மாவாம்.”

ரெப்பின் புருவம் மட்டும் அசைந்தது. “அப்படியா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா” என்றார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

புதன்கிழமை காலை செய்தித் தளத்தின் முதல் செய்தி: ‘முகில்வீரன் அல்ல, தாய்? அச்சக வட்டாரம் தரும் அதிர்ச்சித் தகவல்.’ எழுதியவர் நாத்தனார். அடுத்த அரை மணியில் அவரே கடைக்குள் நுழைந்தார். ஈரக் குடையை வாசலில் உதறவும் மறந்திருந்தார்.

“அண்ணி, பாத்தீங்களா? காலையிலேர்ந்து தளமே திணறுது!”

“பாத்தேன் நிருபரே. உக்காரு. யாரு சொன்னது?”

“அதைக் கேக்கக் கூடாது. கட்டின புருஷன்கிட்டகூட சொல்ல மாட்டேன்.”

“உனக்குத்தான் இன்னும் கட்டலையே.”

“கட்டினாலும் சொல்ல மாட்டேன்.”

“நீ சொல்லவே வேணாம். அந்த அச்சகம் நான்தான்.”

நாத்தனார் சிரித்தார். அண்ணி சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

“என்ன சொல்றீங்க?”

“முந்தாநாள்வரைக்கும் அந்த அம்மாவுக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. நேத்து இந்த நாற்காலியில உக்காந்து, நானே கொன்னு, ஒரே ஒரு ஆள் காதுல போட்டேன். ஒரு ராத்திரிதான் தாண்டுச்சு, உன் பேர்ல வந்திருச்சு. முகில்வீரன் சாகறான்னு உனக்குச் சொன்னதும் அதே ஆள்தானே?”

நாத்தனார் கைப்பேசியைத் திறந்து, இரண்டு செய்திகளும் வந்த ஒரே எண்ணை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். 

“சரக்கை விக்கறவன் செய்தியும் குடுக்கறான், கடைக்கு ஆளும் அனுப்பறான். இதுல உனக்கு என்ன தரான்?”

“அண்ணி!” நாத்தனாரின் குரல் உடைந்தது. “அந்த ஆள் கையால ஒரு டீ குடிச்சதில்ல நான். ஆனா நீங்க? என்னைச் சந்தேகப்பட்டா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல? என் பேர்ல ஒரு பொய்யை அச்சேத்திட்டீங்களே!”

“கேட்டா, ஆதாரத்தைச் சொல்ல மாட்டேன்னிருப்ப.”

“சொல்லத்தான் மாட்டேன்! ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

குடையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதை அண்ணி உணர்ந்தார். நியாயமாகப் பேசுகிறவர் பணம் வாங்கியிருக்க மாட்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் உணர்ந்தார். மறுப்புச் செய்தி அன்று வரவில்லை. வியாழக்கிழமை காலையிலும் வரவில்லை. சந்தேகம் மெல்ல நாத்தனார் பக்கமே சாய்ந்தது.

வியாழன் பிற்பகல் அண்ணி தொலைபேசியை எடுத்தார். கடையின் பின்சுவரில் நிரந்தர வாசகர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. அவர்கள் கேட்ட இதழ்கள் அதில் சேரும். பெட்டி வரிசையின்படியே ஒவ்வொருவரையும் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: யாருமே சாகாவிட்டாலும் முந்நூறாவது இதழ் வேண்டுமா?

“செத்தாலும் வேணும், பொழைச்சாலும் வேணும்” என்றார் பல் மருத்துவர். “வாயில கம்பியோட ஒருத்தர் காத்திருக்கார், வெச்சிடறேன்.”

சிலர் வேண்டாம் என்றனர். ஒருவர், அம்மா சாவதானால் மட்டும் வேண்டாம் என்றார்.

கடைசியாகப் பத்துப் பிரதிக்காரரை அழைத்து, பாதிப் பணத்தை முன்கூட்டியே கட்ட முடியுமா என்று கேட்டார். மறுமுனையில் பழுப்பு டேப்பை நீளமாக இழுத்துக் கிழிக்கும் ஓசை கேட்டது. யாரோ, “ரெப் சாரோட லோடு ஏத்தியாச்சா?” என்று கத்தினார். இணைப்பு துண்டிக்கப்பட்டது. மற்ற இருவரும் அதன்பின் அழைப்பை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகலில் நாத்தனாரின் மறுப்பு வெளியானது. இரண்டு செய்திகளும் அந்த இதழை விற்பதில் ஆதாயமுள்ள ஒரே நபரிடமிருந்து வந்தவை என்றும், சரிபார்க்காமல் வெளியிட்டது தம் தவறு என்றும் எழுதியிருந்தார். அண்ணியையும் விட்டுவைக்கவில்லை: இரண்டாவது செய்தி, தன் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு கடைக்காரர் வேண்டுமென்றே புனைந்த பொய் என்று இருந்தது. அண்ணி அதை இரண்டு முறை படித்தார். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மாலை நாலரைக்கு ரெப் வந்தார். முகமன் இல்லை. ஆர்டர் படிவத்தை மேசையில் வைத்தார்.

“நல்லா விளையாடிட்டீங்க மேடம்.” மூன்று நாளில் அக்கா மேடமாகியிருந்தார். “ஆனா ஒண்ணு சொல்றேன். முகில்வீரன் நிஜமாவே சாகறான்.”

“அதை நீங்க சொல்றதுதான் கஷ்டம்.”

“வழக்கத்தைவிடக் குறைச்சுப் போட்டீங்கன்னா உங்களுக்கு விலையில தர்ற கழிவு இறங்கிடும். உங்க பெட்டி எங்க வண்டியில கடைசியா ஏறும். எதிர்த்தெருக்காரருக்குப் புதன்கிழமை வந்தா, உங்களுக்குச் சனிக்கிழமை வரும். நாலு மடங்கு போடுங்க, நடந்ததை ரெண்டு பேரும் மறந்துடுவோம்.”

இது மிரட்டலா, உண்மையா என்று அண்ணியால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டாகவும் இருக்கலாம். முகில்வீரன் சாகவும் செய்யலாம். அப்படியானால் அடுத்த மாதம் ஊரே எதிர்த்தெருக் கடையில் வரிசையில் நிற்கும். அதைக் கண்ணாடிக் கதவு வழியாக அவர் பார்க்க நேரும். பின்சுவரின் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மட்டும்தான் அவர் ஐயப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

“செத்தான்னா என்ன பண்ணுவீங்க மேடம்?”

“ஆறு மாசத்துல உயிரோட வருவான். அப்போ வாங்கிக்கறேன்.”

வேண்டும் என்று சொன்ன பெட்டிக்காரர்களின் எண்ணிக்கையை இலக்கத்திலும், இலக்கம் திருத்தப்படாமலிருக்க எழுத்திலும் எழுதினார். எழுத்துக்குப் பின் மிஞ்சிய இடத்தில் ஒரு கோடு இழுத்தார். கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் குறித்து, நகலைக் கிழித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு படிவத்தை ரெப்பின் கையில் கொடுத்தார்.