ஒரு வாட்டுக்கும் கீழே

அண்ணன் செல்லதுரை சிங்கப்பூரிலிருந்து ஆம்ப்ளிபயரை மட்டும் அனுப்பியிருந்தான். ஊருக்கு வந்த ஒருவர் அதைக் கைலிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பக்கம் ரேடியோ, இரண்டு முள் மீட்டர்கள், மைக் செருக ஒரு துளை. இடது, வலது என்று பக்கத்துக்கு இருபது வாட்ஸ். ‘ஸ்பீக்கர் கனம், கொடுத்தனுப்ப முடியாது. இத்துடன் பணம் வைத்திருக்கிறேன். நீலா பார்த்து வாங்கட்டும். பிசிக்ஸ் படித்தவள் அவள்தானே’ என்று கடிதத்தில் எழுதியிருந்தான்.

தெருவில் எல்லாரும் பாட்டைப் பற்றிப் பேசினார்கள். நான் மைக் துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு இடது காது கேட்காது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் விழுந்த தடியடி. வலது காதும் நான்கைந்து வருடமாக மங்கி வருகிறது. மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் போய்விட்டன, கனத்த சத்தங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன என்றார் தஞ்சாவூர் டாக்டர். மருத்துவ முகாமில் கொடுத்த காது மெஷின் விசிலடித்தது. அப்பா அதைக் கழற்றிக் குதிர் மேல் வைத்துவிட்டார். அதன்பிறகு யார் எது கேட்டாலும் தலையாட்டத் தொடங்கினார். அம்மா கத்தினால் விளங்கும். எனக்குக் கத்த வராது. நான் அப்பாவோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தத் தலையாட்டலில்தான் நிலம் போகப் பார்த்தது.

ஒன்றேகால் ஏக்கர் குத்தகை நிலம். உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்ததும் அப்பா மனுக் கொடுத்தார். நிலக்காரரின் காரியஸ்தர் குஞ்சிதபாதம், ‘காத்தான் தானாகவே நிலத்தை விட்டுவிட்டார்’ என்று எதிர்மனுப் போட்டார். பங்குனியில் விசாரணை. அன்று எனக்குப் பரீட்சை. அம்மாவை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பிறகு வாக்குமூலத்தின் நகல் வந்தபோது நான்தான் படித்தேன். ‘நீராகவே விட்டுக்கொடுத்தீரா என்று கேட்டதற்கு, ஆம் என்று தலையசைத்தார்.’

விவசாயச் சங்கத்துக்காரர்கள் அலைந்து மறு விசாரணைக்கு உத்தரவு வாங்கினார்கள். ஆடி இருபது. அதே அதிகாரி வயலுக்கே வருவார். அதுவே கடைசி. அன்றும் அப்பா தலையாட்டினால் நிலம் இல்லை.

“நான் பக்கத்துல நின்னு கத்தறேன்” என்றாள் அம்மா. அவள் பெயர் ராசம்மாள். கத்தினால் அடுத்த ஊர் மாடு திரும்பிப் பார்க்கும். ஆனால் சாட்சிக்குப் பெண்டாட்டி சொல்லிக் கொடுக்கிறாள் என்று குஞ்சிதபாதம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். அதிகாரியின் வாயிலிருந்து கேள்வி நேராக அப்பாவின் காதுக்குப் போக வேண்டும். நடுவில் ஆள் கூடாது.

ஆள் கூடாது என்றுதான் இருந்தது. ஆம்ப்ளிபயர் கூடாது என்று எங்கும் இல்லை.

கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருக்கும் அமிர்தலிங்கம் மாமா வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“நூறு வாட்ஸ் ஸ்பீக்கரா வாங்கிப்புடு நீலா. பெருசா வாங்குனாத்தான் பெருசா கேக்கும்.”

ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் வாட்ஸ், எவ்வளவு கொடுத்தால் அது கருகாமல் தாங்கும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு சத்தம் தரும் என்பது வேறு. இதைச் சொல்ல வாய் எடுத்தேன். அவர் அதற்குள் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஆம்ப்ளிபயரை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவோடு நீடாமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். கலந்தர் பாய் அங்கே சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். ஆளுங்கட்சி மேடைக்கும் எதிர்க்கட்சி மேடைக்கும் சங்க ஊர்வலத்துக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். கடைக்குப் பின்னால் வயல்.

“வாங்க காத்தான் அண்ணே! பாப்பா கல்யாணத்துக்கா?” என்றார்.

அப்பா தலையாட்டினார்.

“இல்ல பாய்” என்று நான் அவசரமாகச் சொன்னேன். விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்கு நேரம் பிடித்தது. அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

முதலில் குழாய் ஸ்பீக்கரை மாட்டினார். மூன்று ஊருக்குக் கேட்கும். அப்பா முகத்தைச் சுளித்தார். “தகரத்துல மழை பேயுற மாதிரி இருக்கு. பேச்சு எங்க இருக்கு?” அவருக்கு மிச்சமிருந்த கனத்த சத்தங்களைக் குழாய் தொடவே இல்லை.

அடுத்து மெட்ராஸிலிருந்து வந்த புதுப் பெட்டிகள். பளபளப்பு. முதுகில் நாற்பது வாட்ஸ். வீட்டுக்குள் பாட்டுக் கேட்க நல்லவை. வயல்வெளியில் சுவர் கிடையாது. போன சத்தம் திரும்பி வராது. சத்தக் குமிழை முக்கால் திருப்பியதும் முள் எகிறியது, குரல் கிழிந்தது. அப்பா காதில் கிழிசல்தான் விழுந்தது.

“ஆம்ப்ளிபயருக்கு மூச்சு முட்டுது” என்றார் கலந்தர் பாய். “இன்னும் திருப்புனா ஸ்பீக்கர் கருகிரும். நாப்பது வாட்ஸ் ஆம்ப்ளிபயர் வேணும் பாப்பா.”

நாற்பது வைத்தாலும் காதுக்கு ஒரு பிசிறு வித்தியாசம்தான் இருக்கும். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற, சக்தி பத்து மடங்கு வேண்டும். படித்தபோது இதை ஒரு வரியாக எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அன்றுதான் பயமாக இருந்தது.

“ஒரே வாட்டுக்கு அதிகமாச் சத்தம் போடுற ஸ்பீக்கர் வேணும் பாய். எத்தன வாட்ஸ் தாங்கும்ங்கிறது முக்கியமில்ல.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “சரிதான். மாடு எவ்வளவு சொமை தாங்கும்னு சந்தையில சொல்லுவான். எவ்வளவு இழுக்கும்னு ஏர்ல பூட்டுனாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய்ச் சாக்குகளை இழுத்துப் போட்டார். உள்ளே இரண்டு மரப்பெட்டிகள். மூடிவிட்ட டூரிங் சினிமாக் கொட்டகையிலிருந்து வாங்கியவை. பன்னிரண்டு அங்குலக் காகிதக் கூம்பு, என் தலையளவு காந்தம். முதுகில் பன்னிரண்டு வாட்ஸ்.

“பன்னெண்டா?” என்றேன்.

“அந்தக் காலத்து ஆம்ப்ளிபயர் எட்டு வாட்ஸ், பத்து வாட்ஸ். அத வச்சுக்கிட்டு ஐந்நூறு பேருக்குக் கேக்கணும்ல.”

ஸ்பீக்கரின் மின்தடை எட்டு ஓமுக்குக் குறையக் கூடாது என்று ஆம்ப்ளிபயரின் முதுகில் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு ஓம் காட்டியது. கம்பியை மட்டும் அளக்கும் மீட்டர் குறைத்தே காட்டும், அப்படியானால் பெயருக்குப் பதினாறு ஓம்.

“மதகு சின்னதுதான்” என்றார் பாய். “கம்மியாத்தான் குடிக்கும். ஆம்ப்ளிபயரு பொழச்சுக்கும்.”

எனக்கு அளந்து பார்க்க வேண்டும். அளக்கக் கருவி இல்லை. பின்னால் வரப்பு இருந்தது.

முதலில் புதுப் பெட்டி. குமிழைக் கால்வாசியில் நிறுத்தச் சொன்னேன். பாய் மைக்கில் தினசரியை வாசிக்க, நான் வரப்பில் காலடிகளை எண்ணிக்கொண்டு நடந்தேன். குறுவை முழங்கால் உயரம் நின்றது. முப்பத்தாறாவது அடியில் சொற்கள் கலைந்தன. சத்தம் இருந்தது, அர்த்தம் இல்லை.

அடுத்துக் கொட்டகைப் பெட்டி. குமிழைத் தொடவில்லை. முப்பத்தாறு. அறுபது. நூறு. வாய்க்கால் குறுக்கிட்டது, தாண்டினேன். நூற்று ஐம்பதாவது அடியில், மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று பாய் வாசித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குமேல் வரப்பு இல்லை.

நின்றுவிட்டேன். தூரம் நான்கு மடங்கு. அப்படியானால் சக்தியில் பதினாறு மடங்கு. அதே மின்சாரம், அதே குமிழ், அதே பாய். ஒரு காகிதக் கூம்பு லேசாகவும் காந்தம் பெரிதாகவும் இருந்ததால் இருபது வாட்ஸ் முந்நூற்றிருபது ஆகியிருந்தது. எங்கிருந்தும் எதுவும் கூடுதலாக வரவில்லை. வந்ததை வீணாக்காமல் இருந்தது, அவ்வளவுதான். கால் சேற்றில் புதைந்ததுகூடத் தெரியாமல் அங்கேயே நின்றேன்.

“பாப்பா! பி.எஸ்ஸி.ல தவக்களை புடிக்கிற பாடமும் உண்டா?” என்று வயல் முழுக்கக் கேட்டது.

திரும்பி வந்தேன். அப்பாவைப் பெட்டிக்கு முன்னால், வலது காது அதன் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தேன். மைக்கோடு அவருக்கு முதுகுப் பக்கம் போய் நின்றேன், உதட்டைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்க வேண்டும்.

“அப்பா, நம்ம மாட்டுப் பேரு என்ன?”

என் குரல் எனக்கு முன்னால் போய் வயலில் நின்றது. அவ்வளவு பெரிய குரல் என்னிடமிருந்து வந்தது என்று நம்ப முடியவில்லை.

அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “அதுக்கு ஏது பேரு? மாடுன்னுதானே கூப்புடுறோம்.”

கலந்தர் பாய் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார். அப்பா மெல்லத் திரும்பினார்.

“யாரு பேசுனது? நீலாவா?”

நான் தலையாட்டினேன்.

ஆடி இருபது காலையில், வயலை ஒட்டிய வீட்டிலிருந்து மின்சாரம் எடுத்து, பாய் கொடுத்த நீள வயரை வரப்போரம் இழுத்தோம். அப்பா நாற்காலியின் வலப்பக்கம் ஒரு பெட்டி. இன்னொன்றைக் கூடியிருந்த சனத்தைப் பார்த்து வைத்தேன். மைக் ஊளையிடாமல் இருக்க, அதிகாரியின் மேசையைப் பெட்டிகளுக்குப் பின்னால் போட்டோம். அமிர்தலிங்கம் மாமா பன்னிரண்டு வாட்ஸைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி எல்லாவற்றையும் பார்த்தார். “என்ன இது, பொதுக்கூட்டமா?”

“சாட்சிக்குக் காது கேக்காதுங்க” என்றார் சங்கத்துத் தியாகேசன்.

குஞ்சிதபாதம் முன்னால் வந்தார். “அவருக்குக் கேக்கணும்னா ஒண்ணு போதுமேங்க. இன்னொண்ணு எதுக்கு? ஊரைக் கூட்டவா?”

அதிகாரி ஆம்ப்ளிபயரைக் குனிந்து பார்த்தார். “ஸ்டீரியோங்க இது. ரெண்டு இருந்தாத்தான். எங்க வீட்டுலயும் ரெண்டு.” பிறகு மைக்கைக் கையில் எடுத்தார். மைக்கைக் கையில் எடுத்தவர் யார் சும்மா இருந்தார்? “ஹலோ, மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ” என்றார். வாய்க்காலில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. சனம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்பா நேரத்துக்குச் சிரித்ததை அம்மா பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் குமிழில் விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். தவறிப்போய்க் குமிழ் திரும்பிவிடக் கூடாது என்று விரலை எடுத்துவிட்டேன்.

பெயர், தகப்பன் பெயர், எத்தனை வருடச் சாகுபடி. ஒவ்வொன்றுக்கும் அப்பா வாயால் பதில் சொன்னார். பிறகு அதிகாரி காகிதத்தைப் புரட்டினார்.

“இந்த நிலத்தை நீங்களாகவே விட்டுக்கொடுத்தீர்களா?”

கேள்வி வயல் மேல் போயிற்று. கடைசி வரப்பில் நின்றவர்களும் திரும்பினார்கள். அப்பா தலையாட்டவில்லை. ஆட்டவே இல்லை. கையூன்றி எழுந்து நின்றார்.

“இதத்தான் கேட்டீங்களா அன்னிக்கி?”

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“இல்லைங்க. ஒரு நாளும் விடலைங்க. அன்னிக்கி நீங்க கேட்டது எனக்குக் கேக்கல. கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் ஆட்டிட்டேன்.”

இதை அவர் மைக் இல்லாமல்தான் சொன்னார். இருந்தும் எல்லாருக்கும் கேட்டது. அதிகாரி எழுதினார். எழுதியதை மைக்கில் வாசித்துக் காட்டினார். அப்பா ஒரு சொல்லைத் திருத்தினார். ‘வெட்கத்தால்’ என்பதை அதிகாரி விட்டிருந்தார். அதையும் சேர்க்கச் சொன்னார். குஞ்சிதபாதம் பையை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னாலேயே போய்விட்டார்.

சனம் கலைந்தது. அப்பா நாற்காலியிலேயே இருந்தார், வலது காதைப் பெட்டிப் பக்கம் வைத்துக்கொண்டு. நான் மைக்கை எடுத்தேன்.

“அப்பா, வீட்டுக்குப் போலாமா?”

“இரு ஆத்தா” என்றார். “இன்னும் ஏதாச்சும் கேளு.”

கேட்டேன். அமாவாசை என்றைக்கு, அண்ணனுக்கு என்ன எழுதுவது, தாளடிக்கு என்ன விதை. ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். பேசும்போது என் கண் மீட்டரில் இருந்தது. இருபது வாட்ஸ் வரை எண்கள் எழுதிய தட்டில், முள் ஒன்றுக்கும் கீழேயே ஆடிக்கொண்டிருந்தது. காலை முழுவதும் அது அந்த ஒன்றைத் தாண்டவே இல்லை.